வான்கோழி கைமாவுக்கு ஒரு முன்கதை

1

இது ஒரு சமையல் குறிப்பின் தலையில் வந்திருக்க வேண்டிய கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துத் திட்ட வேண்டாம்.

நான் ஓர் இணையதளத்துக்குச் சமையல் குறிப்பு எழுதிப் பிழைப்பவள். "வேலை நாள் இரவுக்கு எளிய வான்கோழி கைமா, குடும்பத்தோடு சாப்பிட" என்று ஒரு வரிசை. நீங்களும் இந்த மாதிரிப் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். குறிப்பு என்னவோ நாலு வரிதான். அதற்கு மேலே ஒரு முழ நீளத்துக்குக் கதை. வெளியே இலை உதிரும், உள்ளே சூப் கொதிக்கும், பிள்ளைகள் ஓடி வருவார்கள், கணவர் வாசனை பிடித்துக்கொண்டே கோட்டைக் கழற்றுவார். யாரும் படிப்பதில்லை. விரலால் தள்ளிவிட்டு நேரே கீழே போய் உப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆனாலும் அது இருந்தாக வேண்டும்.

ஆசிரியை மெரிடித் போனில் சொன்னாள்: "கேரல், மேல ஒரு நல்ல குடும்பமாப் பாத்துப் போடுங்க. படிக்கிறவங்களுக்குப் பசி எடுக்கணும். போன தடவை மாதிரி செத்த நாய்க் கதையெல்லாம் வேண்டாம்."

நல்ல குடும்பத்துக்கு நான் எங்கே போவேன்? கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கே ஹௌகன் குடும்பம் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தது.

2

முதல் தொடக்கம்:

"வாரத்தில் ஐந்து நாளும் ஹௌகன் வீட்டில் மாலை ஐந்தரைக்குச் சாப்பாடு. ஐந்து நாளும் வான்கோழி. ஆனாலும் அந்த மேசையில் ஒருவர்கூட"

ஒருவர்கூட முகம் சுளிப்பதில்லை என்று எழுதப் போனேன். பச்சைப் பொய். பதினாறு வயது மகள் அன்னிக்கா தினமும் சுளிப்பாள்.

இரண்டாவது தொடக்கம்:

"மார்லிஸுக்கு ஊர்க்கோடியில் இருக்கும் வான்கோழித் தொழிற்சாலையில் வேலை. வேலையாட்களுக்குக் கைமா சல்லிசாகக் கிடைக்கும். ஃப்ரீசரைத் திறந்தால் உருளை உருளையாகக் கைமா காலில் விழும். மார்லிஸ் வீடு திரும்பும்போது வான்கோழியைப் பார்க்கவே பிடிக்காத நிலையில் இருப்பாள். ஆகவே சமைப்பது கணவன் ஆர்லன். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு நாலு மணிக்கே வந்துவிடுவான்."

இது உண்மை. உண்மையாக இருந்தது என்று திருத்திக்கொள்ளுங்கள். (ஆர்லனை நான் 'அவன்' என்பதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூக்கு ஒழுகத் திரிந்த காலத்திலிருந்து எனக்கு அவனைத் தெரியும்.) திங்கள் டாக்கோ, செவ்வாய் கைமா உருண்டையும் ஸ்பகெட்டியும், புதன் பீன்ஸ் போட்ட காரக் குழம்பு, வியாழன் பர்கர், வெள்ளி ஹாட்டிஷ்.* அவன் பர்கர் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். வான்கோழியில் கொழுப்பு கிடையாது, ஒரு நிமிடம் அசந்தால் காய்ந்துவிடும். அதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

* கைமாவை வதக்கி, டப்பாக் காளான் சூப்பை மேலே கொட்டி, உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வைப்பது. எங்கள் பக்கத்தில் சந்தோஷத்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான்.

3

மே மாதம் ஆர்லன் பேருந்து ஓட்டுவதை நிறுத்தினான். கணையத்தில் புற்று. கோடை முடிவதற்குள் மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

மகளுக்குச் சொல்லவில்லை. வயிற்றுப் புண், நாளாகும், ஓய்வு வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். அன்னிக்கா நம்பினாள். அப்பன் சாய்வு நாற்காலியில் கிடக்க, அவள்தான் சமைத்தாள். அவன் நாற்காலியிலிருந்தே நொட்டை சொல்வான், அவள் திருப்பிக் கொடுப்பாள். கோடையெல்லாம் எங்கள் தெருவுக்கே கேட்கும்.

"அப்பா, வெங்காயம் பெருசா நறுக்கினா என்னவாம்? எந்திரிச்சு வந்து நீயே நறுக்கேன்! சோம்பேறி, சோம்பேறி!"

வேலியோரம் மார்லிஸைப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டி, அந்தப் புள்ளைகிட்ட சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேங்க்கா. கேக்க மாட்டேங்கறாரு. 'தெரிஞ்சுட்டா அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிடுவா மார்லிஸ், தட்டைப் பாத்து சாப்பிடுற பொண்ணோடதான் நான் சாப்பிடணும்'ங்கறாரு. நான் என்ன பண்ண?"

அவள் அழுதாள். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அவன் கேட்டதில் என்ன தப்பு என்றும் இருந்தது. சாகப்போகிறவன் கேட்டது அந்த மேசையில் சாதாரணமாக நாலு வேளைச் சாப்பாடு. ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

[இதுவரை எழுதியதை மெரிடித்துக்கு அனுப்பினேன். "கணையம் வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.]

4

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் தாய்ப்பாலோடு குடித்தது இது.

ஒரு வீட்டில் நோயென்றால் கண்ணாடிப் பாத்திரத்தில் ஹாட்டிஷ் கொண்டுபோவோம். அடியில் டேப் ஒட்டி நம் பேர் எழுதியிருக்கும். அவர்கள் தின்று, கழுவி, உடம்பு தேறியதும் திருப்பித் தருவார்கள். சாவு என்றால் அலுமினியத் தட்டு. பேர் கிடையாது, கழுவ வேண்டாம், குப்பையில் போட்டுவிடலாம். துக்க வீட்டில் யாரைப் போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்வது?

இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கதவைத் திறந்து அலுமினியத் தட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொள்ளும்.

5

லவோன் என்ற கதாபாத்திரம்தான் எனக்குத் தகராறு.

முதல் பிரதியில் அவளை ஊர்வம்புக்காரியாக எழுதினேன். எழுத சுகமாக இருந்தது. நீங்களும் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பீர்கள். ஆனால் லவோன் அப்படியில்லை. என் கணவர் போனபோது முதலில் வந்து, ஒன்றும் பேசாமல், என் சமையலறைத் தரையைத் துடைத்தவள் அவள். அவள் செய்தது ஒரே ஒரு தப்பு, அதையும் நல்ல மனசோடுதான் செய்தாள்.

எங்கள் ஊரில் இரண்டு ஆர்லன். ஒருவன் ஆர்லன் ஹௌகன். இன்னொருவர் முதியோர் இல்லத்தில் கிடந்த ஆர்லன் மோ, தொண்ணூறைத் தாண்டியவர். ஒரு அக்டோபர்த் திங்களன்று பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். தேவாலயத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்வது வழக்கம். லவோனுக்கு வந்த போனில் "ஆர்லன் போயிட்டாரு, அடுத்த ஆளுக்குச் சொல்லிரு" என்று மட்டும் வந்தது. எந்த ஆர்லன் என்று அவள் கேட்கவில்லை. எந்த ஆர்லன் போவான் என்று அவளுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. ஊருக்கே தெரியுமே.

6

ஐந்து மணி. நான் என் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். லவோன் காரிலிருந்து இறங்கினாள், கையில் ஓர் அலுமினியத் தட்டு. அவள் எதிர்வீட்டுப் படியேறினாள். ஆர்லன் போய்விட்டானா? எனக்குத் தெரியாமலா? துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதித் தெருவில் இருக்கும்போதே அன்னிக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

லவோன் ஒரு கையால் அவளைக் கட்டிக்கொண்டாள். "கண்ணு... என் கண்ணு. இவ்வளவு சீக்கிரமாப் போவாருன்னு நெனைக்கலடி. கிறிஸ்துமஸ் வரைக்குமாவது தாங்கும்னுல்ல டாக்டர் சொன்னாரு."

உள்ளேயிருந்து ஆர்லனின் குரல் கேட்டது. "யாரும்மா அது? கதவைச் சாத்து, குளுருது!"

லவோனின் முகத்தை வர்ணிக்க மூன்று வாக்கியம் எழுதினேன், மூன்றையும் அடித்துவிட்டேன். பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்னிக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவோடு போய் எத்தனை வீட்டில் இதே தட்டைக் கொடுத்திருப்பாள்! பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. சூடா இருக்கு."

"அன்னிக்கா, நான்... அது மோ தாத்தாவா இருக்கும்டி, நான் கிழவி, மூளை பெரண்டு போச்சு..."

"பரவாயில்ல ஆன்ட்டி. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்."

கதவைச் சாத்தினாள். லவோன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

7

இனி வருவதை நான் பார்க்கவில்லை. மார்லிஸ் சொன்னாள். அவள் சொல்லாததை நானே போட்டுக்கொண்டேன். எது எதென்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை, ஆகவே மொத்தமாக நம்புங்கள்.

மார்லிஸ் வேலை முடிந்து வரும்போது சாப்பிட எல்லாம் எடுத்துவைத்திருந்தது. டாக்கோவுக்கு வதக்கிய கைமா அடுப்பில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. மேசை நடுவில் அலுமினியத் தட்டு. ஆர்லன் மெல்ல எழுந்து வந்து உட்கார்ந்தான்.

"திங்கக்கெழமை ஹாட்டிஷா? இதென்ன புதுசா? யாரு செத்தா?" வேடிக்கையாகத்தான் கேட்டான்.

"நீ," என்றாள் அன்னிக்கா.

மார்லிஸ் கோட்டைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றாள்.

"செத்தது மோ தாத்தா. லவோன் ஆன்ட்டி ஆள் மாறி இங்க கொண்டுவந்துட்டாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்னு நெனைச்சாங்களாம். யாருப்பா தாங்கணும் கிறிஸ்துமஸ் வரைக்கும்?"

ஆர்லன் கரண்டியை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, நிதானமாக மென்றான். "காஞ்சு போச்சு. எழவு வீட்டுக்குக் குடுக்கறதுன்னா உப்பும் போட மாட்டாங்களா?"

"சிரிக்காத!"

"எங்க சிரிச்சேன்?"

"பெட்ரோல் பங்க்ல எனக்குச் சும்மா சாக்லேட் குடுக்கறாங்க. கணக்கு டீச்சர் வீட்டுப்பாடமே கேக்கறதில்ல. நான் என்னமோ என் மூஞ்சி லட்சணம்னு நெனச்சுட்டிருந்தேன். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! ஏம்மா, நீகூட சொல்லலயே!"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். ஆர்லன் முந்திக்கொண்டான். "அவளை விடு. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"மறைச்சு என்னத்தக் கண்ட?"

"உங்கிட்ட திட்டு வாங்கினேன். மத்தவன் எவனும் என்னைத் திட்டறதில்ல. எல்லாரும் சின்னப்புள்ளைகிட்ட பேசற மாதிரி பேசறாங்க. நீ ஒருத்திதான் எந்திரிச்சு வந்து வெங்காயம் நறுக்குன்னே."

அன்னிக்காவின் உதடு கோணியது. "சோம்பேறின்னு சொன்னேன்ப்பா. தினமும் சொன்னேன்."

"ஆமா, சொன்னே. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அழுதாள். மேசையில் தலையைக் கவிழ்த்து, மூச்சு முட்ட அழுதாள். ஆர்லன் எழுந்துபோய் அவளைத் தொட நினைத்தான், கால் ஒத்துழைக்கவில்லை. மார்லிஸ்தான் போனாள். ஹாட்டிஷ் ஆறிப்போனது. பிறகு அன்னிக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்தபடி கேட்டாள்:

"நாளைக்கு என்னப்பா சமைக்கட்டும்?"

8

இதற்கு ஆர்லன் என்ன பதில் சொன்னான் என்று மார்லிஸ் எனக்குச் சொல்லவில்லை. "அதுக்கு மேல கேக்காதீங்க்கா" என்றாள். நானாகவே எழுதிப் பார்த்தேன்.

(அ) "உனக்குப் புடிச்சதைச் செய்யும்மா."
ஆர்லன் ஜென்மத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

(ஆ) "வான்கோழி தவிர எதுவா இருந்தாலும் சரி."
மூன்றுபேரும் சிரிக்கிறார்கள். மெரிடித்துக்கு இது பிடித்திருந்தது. கணையத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் நான் எழுதிய அந்தச் சிரிப்பை மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

(இ) அவன் ஒன்றும் சொல்லவில்லை. மார்லிஸ் "உருண்டை பண்ணும்மா, செவ்வாக்கெழமைதானே" என்று

இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இது மார்லிஸின் பதில். கேள்வி அவளிடம் கேட்டதல்ல.

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் ஒரு வித்தை செய்வார்கள். கதையை முடிக்காத வரை ஆர்லன் உயிரோடு இருப்பான் என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைப்பார்கள். என்னிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஆர்லன் செத்துவிட்டான். கிறிஸ்துமஸ் வரை தாங்கவில்லை. நானும் ஒரு தட்டு கொண்டுபோனேன். முடிவு தெரியாததால் நான் தவிக்கவில்லை. அவன் சாவதற்கு முன்னால் அவன் மகள் ஒன்று கேட்டாள், அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களையும் தினமும் யாரோ கேட்கிறார்கள், நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று. நீங்களும் தலையைத் தூக்காமல் "ஏதோ ஒண்ணு பண்ணு" என்கிறீர்கள். ஆர்லனுக்கு அது போதாது. அவனுக்கு இன்னும் எத்தனை 'நாளை' இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், இப்போது அவளுக்கும் தெரியும்.

வேறு பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். பெண் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.