எழுபத்தொன்பது

உயர்தரக் கணிதப் பிரிவுப் பட்டியலில் லதுஷாவின் பெயர் இல்லை. மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. பதினோராம் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் போய்க் கலைப் பிரிவில் சேர்ந்துவிட்டாளாம்! யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகப் பசறையில் கணிதம் கற்பிக்கும் ஞானேஸ்வரி டீச்சருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாடசாலை அதிபரிடம் காட்டி வாதாடவென்று பிள்ளையின் பழைய கணிதப் போட்டித் தாளைத் தேடி எடுத்தார்.

கேள்வி டீச்சரே தயாரித்தது. ஒரு முழு எண்ணின் வர்க்கத்தோடு, இன்னொரு முழு எண்ணின் வர்க்கத்தைப் பதினான்கால் பெருக்கிக் கூட்டினால் 79 வரவேண்டும். அந்த இரண்டு எண்களும் எவை? 23 அப்படி வரும்: மூன்றின் வர்க்கம் ஒன்பது, ஒன்றின் வர்க்கத்தைப் பெருக்கிய பதினான்கு. 23, 79 இரண்டும் முதன்மை எண்கள். 56ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. மீதி ஒன்றானால் 79உம் வந்துதானே ஆகவேண்டும்? இதுபோன்ற வேறு சில கூட்டல்களில் வருமா வராதா என்று சொல்ல மீதியே போதும். இதற்கும் போதும் என்று டீச்சர் தாமாகவே முடிவு கட்டியிருந்தார்.

லதுஷா 'முடியாது' என்று எழுதியிருந்தாள். கீழே சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து: 'முடியும். கவனம் போதாது. திரும்பச் செய்.'

இப்போதுதான் டீச்சர் செய்து பார்த்தார். 79 வர்க்கமில்லை. 14 போனால் 65. நாலு பதினான்கு, 56 போனால் 23. அவையும் வர்க்கமில்லை; அதற்கு மேல் கழிக்க இடமில்லை. இரண்டு வரி வேலை! வெட்கமாக இருந்தது, வேறென்ன.

பிரிவு மாற வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம். வியாழன் பின்னேரம் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறினார். லதுஷா லயத்து வீட்டு வரிசையின் குழாயடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"பிழை என்ரைதான் பிள்ளை. நீ எழுதினதுதான் சரி," என்றார் டீச்சர். "திரும்பச் செய்து பாத்தனியோ?"

"பாத்தேங்க டீச்சர். பதினோரு தடவ."

"ஒருக்காலும் வந்திராதே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க முடியும்னு எழுதியிருந்தீங்க. எனக்குத்தான் கணக்கு சரிப்படாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

டீச்சர் படிவத்தை நீட்டி, "நீ கணிதம்தான் படிக்கவேணும்," என்றார்.

லதுஷா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."