மூன்று வரிசை ஊசித்துளை

தையல்காரருக்குக் கொஞ்சம் தளர்ந்த இதயம். அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருநாள் பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை என்று வந்ததும் மனிதர் ஆடிப்போனார். ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், தையல் மிஷினில் யார் உட்காருவது?

தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நீர் பிரியக் கொடுத்த மாத்திரைதான் சிறுநீரகத்தை வதைக்கிறது என்று அதை நிறுத்தினார். உள்ளே கழுவிவிடலாம் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். இதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. படி ஏறும்போது மூச்சு மட்டும் வாங்கியது.

கண்ணுகளா, குடித்த தண்ணீர் எங்கே போகும்? கால்சட்டை இடுப்பைப் பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றே மாட்டியிருப்பார்கள். இவர் தையல்காரர் ஆயிற்றே. மனைவி மதியம் கண்ணயரும் நேரத்தில் தையலைப் பிரித்து, அரை அங்குலம் விட்டுத் தைத்துக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று.

கடையில் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது எல்லாம் அவர் மனைவிதான். அறுந்த பட்டனைத் தைக்க அந்தக் கால்சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். இடுப்பில் நூலில்லாமல் மூன்று வரிசை ஊசித்துளை.

"என்னைத் தூங்க வச்சிட்டு வயித்துல யாரை வளர்க்கறீங்க?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. கால்சட்டையைப் பையில் போட்டாள், அவரையும் கிளப்பிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா துளைகளை எண்ணினார், வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். சிறுநீரகத்தின் மேல் குற்றமில்லை என்றார். இதயம் சரியாகத் தள்ளாததால் திரும்பி வரும் ரத்தம் வழியில் தேங்கி நிற்கிறது. அந்தத் தேக்கம் சிறுநீரகத்தைப் பின்னாலிருந்து நெருக்கும்போது அது எப்படி வடிகட்டும்? தேங்கிய நீரை இறக்கவேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரர் யோசித்தார். "அப்போ சிக்கல் கீழ பாபின் நூல்ல. நான் மேல ஊசியைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"திட்டினதோட விட்டீங்களா? மிஷினுக்குத் தண்ணி வேற ஊத்தியிருக்கீங்க," என்றாள் மனைவி.

ஆறு நாள் ஊசி போட்டார்கள். நீர் இறங்க இறங்க, சீட்டில் ஏறியிருந்த சிறுநீரகக் கணக்கும் இறங்கி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எல்லோருக்கும் இப்படித் திரும்பாது, மாத்திரையை நிறுத்தக்கூடாது, தினமும் எடை பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

ஒரு கையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்தபடியே வீடு வந்தார். மிஷினில் உட்கார்ந்தவர் டேப்பைத் தேடவில்லை; முதல் வரிசைத் துளைகளின் மேலேயே தைத்து முடித்தார்.

மனைவி அதை வாங்கி, உள்பக்கம் மிச்சமிருந்த துணியை ஒட்டக் கத்தரித்துவிட்டாள்.

"இனிமே பிரிச்சு விட இடமில்லை. இடுப்பு பிடிச்சா என்கிட்டதான் வந்தாகணும்."