மூன்றாம் நாள் தலை

அந்தச் சலூனின் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வட்டம், சதுரம், நீளம், முக்கோணம், முட்டை என்று ஐந்து பெண் முகங்கள். எந்த முகத்துக்கு எந்த வெட்டு எடுப்பாக இருக்கும் என்று கீழே குறிப்பு. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முட்டை முகத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். ஆறு வருஷத்தில் ஒருத்திகூட “என் முகம் சதுரம்” என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இந்தக் கூத்தை ஆறு வருஷமாகப் பின்பக்கத் தொட்டியருகே நின்று பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். தலை கழுவிவிடுவது அவள் வேலை. தொட்டியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவளுக்குத் தன் பெயர் ஞாபகம் வரும். வருகிறவர்கள் முகத்தைப் படத்தில் தேடினால், இவள் கண்ணை மூடிக்கொண்டே தலையைத் தடவிச் சொல்லிவிடுவாள், எங்கே சுழி, எங்கே பழைய தழும்பு, எந்தப் பக்கம் முடி முரண்டு பிடிக்கும் என்று. ஆனால் தொட்டிக்காரி சொல்வதை யார் கேட்கிறார்கள்? தண்ணீர் சூடு சரியா என்பதோடு அவள் பேச்சு முடிந்தது.

விரல்தான் முதலில் மக்கர் செய்தது. ஷாம்பூவிலும் சாயத்திலும் ஊறி ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்து, கையுறை போட்டால் இன்னும் எரிந்தது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, “இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஈரத்துல நின்னீங்கன்னா இந்தக் கை எதுக்குமே உதவாதும்மா” என்றார். அவள் களிம்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோதே முடிவு பண்ணிவிட்டாள். வேலையை விடப்போவதில்லை. தொட்டியை விடப்போகிறாள்.

அதற்குத் தோதாக மூன்றாவது நாற்காலி காலியானது. அதில் வெட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். “செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஒரு தலையைக் கூட்டிட்டு வரணும், வெட்டிக் காட்டணும்” என்று முதலாளியம்மா அறிவித்தாள். ஏற்கெனவே ஒருவன் வந்து நின்றான், பயிற்சி நிலையத்தில் முதல் வகுப்பில் தேறிய பையன். வந்த முதல் நாளே எல்லாரும் அவனை டிப்ளமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

“நானும் வெட்டறேன் மேடம்,” என்றாள் தொட்டியக்கா.

முதல் நாற்காலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலாளியம்மா சிரிக்கவில்லை. “எங்க கத்துக்கிட்ட?”

“இங்கதான், பார்த்துப் பார்த்து. வார லீவுல முதியோர் இல்லத்துக்குப் போய் வெட்டறேன். நாலு வருஷமாச்சு. முப்பத்தெட்டு தலை.”

“சரி, கூட்டிட்டு வா,” என்றாள் முதலாளியம்மா, சோறு பரிமாறச் சொல்வது மாதிரி சாதாரணமாக.

வாய் சொல்லிவிட்டது, தலைக்கு எங்கே போவது? இல்லத்துப் பாட்டிமாரை வெளியே விடமாட்டார்கள். தெருப் பெண்களைக் கேட்டால், “பரீட்சைக்கு எங்க தலையா கிடைச்சுது?” என்று நழுவினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டது, உலகத்திலேயே யாரும் ஒத்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்காத ஆள், அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனின் அக்கா, அதே வீட்டு மாடியறையில் தனிக்காட்டு ராணி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். நாலரை மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு வண்டியை எடுப்பவள். நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஒரே ஒரு கனைப்பில் உட்கார வைப்பவள். பாராட்டு என்பது அவள் அகராதியிலேயே கிடையாது. சாப்பாடு நன்றாக இருந்தால் “இன்னைக்கு உப்பு சரியா இருக்கு” என்பாள், அவ்வளவுதான். அவள் தலையில் தினம் பதினொரு பின். ஜன்னல் காற்றில் முன்முடி கண்ணில் விழாமல் இருக்க இரும்புக்கடையே வைத்திருந்தாள். காலையில் தகர டப்பாவிலிருந்து பின் எடுக்கும் சத்தம்தான் கீழ்வீட்டுக்கு அலாரம்.

அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பத்திரிகைப் படத்தை எடுத்து நீட்டினாள். புருவம் வரைக்கும் நேராக இறங்கிய முன்முடி.

“இது மாதிரி. நெத்தி மறையணும். அந்தப் படத்துல இருக்கிற முட்டை முகம்தான் எனக்கு.”

தொட்டியக்கா பின்களை ஒவ்வொன்றாக உருவினாள். போன வருஷம் நாத்தனாருக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது ஒரு மாதம் இந்தத் தலையை இவள்தான் கழுவினாள். நெற்றிக்கு நேர் மேலே ஒரு சுழி, பிடிவாதமான சுழி. முன்முடியை வெட்டினால் மறுநாளே அது நடுவில் பிளந்து வாசற்கதவு மாதிரி திறந்துகொள்ளும்.

“அண்ணி, இது உங்களுக்கு வேண்டாம். முன்னாடி சுழி இருக்கு, நிக்காது.”

“பின் குத்திக்கறேன்.”

“பின்னே வேண்டாம்னுதான் வெட்டறேன். என்கிட்ட விட்டுடுங்க.”

“பின்னெல்லாம் எண்ணி வை. பதினொண்ணு,” என்றாள் நாத்தனார், படத்தைக் கசக்கிப் பையில் திணித்தபடி.

பக்கத்து நாற்காலியில் டிப்ளமா வேலையை ஆரம்பித்துவிட்டான். அவன் கூட்டி வந்தது அவன் சித்தப்பா பெண்ணை. மூக்கும் முழியுமாக இருந்தாள். மொட்டை அடித்தாலும் அழகாக இருப்பாள். அப்படிப்பட்ட முகத்தைக் கூட்டி வருவதும் ஒரு சாமர்த்தியம்தான், அதில் தப்பு சொல்ல முடியாது. அவன் கத்தரி நடந்த வேகமும் சீராக இருந்தது.

தொட்டியக்கா கழுவினாள், துண்டால் ஒற்றினாள், பிறகு சும்மா நின்றாள். கத்தரியைத் தொடவே இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். முடி தானாகக் காய்ந்து தானாக எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாற்காலிக்காரி, “பாவம், பயந்துட்டா” என்று காதைக் கடித்தாள். நாத்தனார் கண்ணாடி வழியாக முறைத்தாள். இவள் அசையவில்லை. இல்லத்தில் அவள் வெட்டும் எந்தத் தலைக்கும் டிரையர் கிடையாது, வட்டச் சீப்பு கிடையாது. படுத்து எழுந்து கையால் கோதிக்கொள்கிற தலைகள். அவளுக்குத் தெரிந்த வெட்டு அது ஒன்றுதான்.

பிறகு வெட்டினாள். சுழி இடப்பக்கம் சாய்ந்தது. அதன் இஷ்டப்படியே விட்டு, முன்முடியை அந்தப் பக்கமே தாடை வரை நீளமாக வைத்தாள். பிடரியில் கனத்தைக் குறைத்தாள். நாத்தனாரின் முகம் முட்டையும் இல்லை கிட்டையும் இல்லை, நல்ல அகலத் தாடையுள்ள சதுர முகம். அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

அதே நேரத்தில் டிப்ளமா டிரையரைப் போட்டான். நாற்பது நிமிஷம் வட்டச் சீப்பில் சுருட்டிச் சுருட்டி இழுத்தான். அந்தப் பெண் திரும்பியபோது முடி மொத்தமும் ஒரே அலையாகத் திரும்பியது. காத்திருந்த வாடிக்கையாளர்கள்கூடக் கை தட்டினார்கள். இந்தப் பக்கம் நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தாள். ஒழுங்காக, சாதாரணமாக, ஒரு டிரைவர் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்கா லீவு போட்டேன்?” என்றாள். பின்களை வாங்கி, எண்ணிப் பார்த்து, பதினொன்றையும் அங்கேயே குத்திக்கொண்டாள். தொட்டியக்கா கீழே கிடந்த முடியைக் கூட்டி அள்ளினாள்.

முதலாளியம்மா கை தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. “நாற்காலியில இருக்கிறவரைக்கும் எல்லா வெட்டும் அழகுதான்,” என்றாள். “வீட்டுக்குப் போங்க. நாளை கழிச்சு, வியாழக்கிழமை காலையில வீட்டுலயே தலைக்கு ஊத்தி, துண்டால துடைச்சு, பத்து மணிக்கு இங்க வாங்க. டிரையர் கூடாது, பின் கூடாது. மூணாம் நாள் தலையைப் பார்த்துதான் நான் ஆள் எடுக்கிறது. தலை வரலேன்னா அதோட முடிஞ்சுது.”

“நான் வரல. எனக்கு வண்டி இருக்கு,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் படியிறங்கிப் போனாள்.

புதன்கிழமை முழுக்க மாடிக்கும் கீழுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. குழம்புக் கிண்ணம் மட்டும் ஏறி இறங்கியது. புருஷன் இரண்டு பெண்களுக்கு நடுவில் மத்தளம் மாதிரி அடி வாங்கிப் பழகியவன். அவன் குரலைத் தாழ்த்தி, “அந்த பின் டப்பாவ ஒளிச்சு வச்சிடவா?” என்று கேட்டான்.

“கைய வைங்க பார்ப்போம். ஒளிச்சு வச்சு ஜெயிக்கிறதுக்கா ஆறு வருஷம் நின்னேன்? வெட்டு நல்லா இருந்தா அது பேசட்டும். இல்லேன்னா நான் தொட்டிக்கே லாயக்கு.”

“கெஞ்சியாவது கூப்பிடேன்.”

“ஒரு தடவை கேட்டாச்சு. அவங்களுக்கும் காது இருக்கு.”

வீறாப்பாகத்தான் சொன்னாள். ஆனால் வியாழக்கிழமை விடியற்காலையில் படுத்தபடியே காது மாடியில்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தலைக்குத்தான் ஊற்றுகிறாள் என்று மனசு துள்ளியது. கொஞ்ச நேரத்தில் தகர டப்பா திறக்கும் சத்தமும், பின்கள் கலகலவென்று உருளும் சத்தமும் கேட்டன. அவ்வளவுதான், குத்திவிட்டாள். தொட்டியக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆனாலும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது கத்தரியைத் துடைத்து எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

பத்து மணிக்கு டிப்ளமாவின் சித்தப்பா பெண் வந்தாள், தலையில் ரப்பர் பேண்டோடு. முதலாளியம்மா அதை அவிழ்க்கச் சொன்னாள். முடி ஒரு பக்கம் சுருண்டும் ஒரு பக்கம் தொங்கியும், இரண்டு பேர் தலையை ஒட்டினாற்போல் விழுந்தது. முகம் அப்போதும் அழகுதான், அது கத்தரி கொடுத்த அழகு இல்லை.

“தலைக்கு ஊத்தற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் அந்தப் பெண். “அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல. அதான் கட்டிட்டேன்.”

டிப்ளமா அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இவளுக்குச் சுருட்டை முடின்னு தெரியும் மேடம். இழுத்தா நேராயிடுமேன்னு ஈரத்துலயே வெட்டிட்டேன்,” என்றான். ஒளிவு மறைவில்லாமல் சொன்னான். அந்த ஒன்றுக்காகவே அவன்மேல் தொட்டியக்காவுக்குக் கோபம் வரவில்லை.

“உன் தலை எங்க?” என்று முதலாளியம்மா இவள் பக்கம் திரும்பினாள்.

“வரல மேடம்.”

“பத்தரை வரைக்கும் பார்ப்போம்.”

பத்தேகால் ஆனது. தொட்டியக்கா வழக்கம்போல் தொட்டிக்குப் போய் ஒரு வாடிக்கையாளரின் தலையை நனைக்க ஆரம்பித்தாள். வெடித்த விரல் சுரீர் என்று எரிந்தது. இந்த எரிச்சல் இனி ஆயுளுக்கும்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்போது வாசலில் பெரிய ஹாரன் ஒன்று அடித்தது. கண்ணாடிக் கதவு முழுவதையும் அடைத்துக்கொண்டு மஞ்சள் பேருந்து ஒன்று வந்து நின்றது.

நாத்தனார் உள்ளே வந்தாள். தலையில் ஒரு பின் இல்லை.

முதலாளியம்மா எழுந்து போய், கேட்காமல் கொள்ளாமல் அவள் தலையில் பத்து விரலையும் விட்டுக் கலைத்தாள்.

“இது என்ன மரியாதை?” என்றாள் நாத்தனார்.

“தலையை உதறுங்க.”

முறைத்தபடியே உதறினாள். சுழி தூக்கிவிட, முன்முடி இடப்பக்கம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. அகலத் தாடையும் அந்தக் கண்ணும், யாருக்கும் பயப்படாத ஒரு முகம் தெரிந்தது. முதல் நாற்காலிக்காரி, “இது அன்னைக்கு வந்தவங்களா?” என்று கேட்டாள்.

“கிளம்பும்போது பின் வேண்டாம்னுதான் விட்டேன்,” என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். “ஜன்னல திறந்து வச்சுத்தான் ஓட்டினேன். எவ்வளவு கேவலமா கலையுதுன்னு இங்க வந்து காட்டி, இவ மானத்தை வாங்கணும்னு. கண்ணுல ஒரு முடி விழல. போதாக்குறைக்கு ரெண்டாவது சீட்டுல ஒரு வாண்டு, எங்க பழைய டிரைவர் எப்ப வருவாங்கன்னு என்னையே கேட்குது.”

முதலாளியம்மா மூன்றாவது நாற்காலியைக் காலால் தள்ளித் தொட்டியக்காவின் பக்கம் திருப்பினாள். “நாளைக்கு ஒன்பதரைக்கு முதல் தலை,” என்றாள். பிறகு டிப்ளமாவிடம், “கத்தரி நல்லா நடக்குது உனக்கு. தலைதான் தெரியல. ஆறு மாசம் தொட்டியில நிக்கிறியா?” அவன் தொட்டியையும் இவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நல்ல கையுறையா வாங்கிக் கொடுங்க மேடம். நிக்கறேன்,” என்றான்.

தொட்டியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணி, காலையில டப்பா சத்தம் கேட்டுச்சே,” என்றாள்.

“கேட்கும். வழியில கண்ணுல விழுந்தா குத்திக்க எடுத்துட்டு வரணுமில்ல?” நாத்தனார் சட்டைப் பையிலிருந்து பின்களை அள்ளி மூன்றாவது நாற்காலியின் முன்னால் இருந்த பலகையில் கொட்டினாள். “நீயே வச்சுக்க. எனக்கு இனி எதுக்கு?”

பழக்க தோஷம், தொட்டியக்கா எண்ணினாள். பத்துதான் இருந்தது.

“பதினொண்ணாவது எங்க அண்ணி?”

“அது என்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் நாத்தனார், கண்ணாடியில் தன் சதுர முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு. “நாற்காலி கிடைச்சுடுச்சுன்னு நீ தலைகால் புரியாம ஆடினா, குத்தறதுக்கு.”