இலையின் அடிப்பக்கம்

இலையைத் திருப்பிப் பார்க்காமல் அவள் எந்தச் செடியையும் பறித்ததில்லை. முற்றத்துக் குழாயின் அருகே, ஈரம் காயாத மண்ணில் குந்தி, இடக்கையால் தண்டைச் சாய்த்து, வலக்கைச் சுட்டுவிரலால் இலைகளின் அடிப்பக்கத்தை மெல்லத் தடவினாள். கடுகைவிடச் சற்றே பெரிய பச்சை மணிகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு காம்புடன், சட்டைப் பட்டியில் தைத்த பொத்தான்களைப் போல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழாநெல்லிதான். அதன் பக்கத்திலேயே, கூடப் பிறந்ததைப் போல, இன்னொரு செடி நின்றது. அதே உயரம், அதே இலை. ஆனால் தண்டு சிவந்திருந்தது. காய்கள் காம்பில்லாமல் ஒட்டிக் கிடந்தன. நகம் பட்டால் சொரசொரத்தன. மருந்துக்கு ஆகாத அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் செக்கர். தைத்து முடித்து வரும் சட்டைகளை வெள்ளை விளக்கின் கீழ் விரித்து, காலரைப் புரட்டி, கையைப் புரட்டி, விட்டுப்போன தையலையும் நிறம் மாறிய துண்டையும் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. மேலே பார்த்தால் எல்லாச் சட்டையும் நல்ல சட்டைதான், உள்ளே புரட்டினால்தான் வண்டவாளம் தெரியும் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள். அந்தக் கண்ணும் அந்த விரல்களும் இப்படி மண்ணில் வந்து பயன்படும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் அக்கா எழுந்து நடமாடிய வரையில் இந்த முற்றத்தில் ஒரு புல்கூடத் தலைகாட்டியது கிடையாது. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு தங்கைக்கு அக்காவின் வீடே வீடு. அந்த வீட்டில் அவளுக்கு முதன்முதலில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பும் முற்றத்தைக் கூட்டுவதுதான். கூட்டிய பிறகு அக்கா வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில் தேறுவதைவிடத் தொழிற்சாலையில் தேறுவது எளிது. அப்படிப்பட்டவள் படுத்ததும், காத்திருந்ததைப் போல எல்லாம் முளைத்தன. குப்பைமேனி வந்தது, துத்தி வந்தது, மதிலோரம் மூக்கிரட்டை படர்ந்தது, குழாயடியில் கீழாநெல்லி வந்தது. அக்கா படுத்த படுக்கையானதால்தான் அக்காவுக்கான மருந்து முளைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் தங்கைக்கு யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு கட்டி இருக்கிறது, மஞ்சள் காமாலை அதனால்தான், கட்டி மற்ற இடங்களுக்கும் போய்விட்டது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். நல்ல மனிதர். "வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க. அவங்க எது கேட்டாலும் குடுங்க" என்று எழுந்து நின்று சொன்னார். மருத்துவர் ஒருவர் எழுந்து நின்று பேசித் தங்கை அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள், தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிற பெண்மணி ஒருத்தி, தன் அண்ணனுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப் பிழைப்பானோ மாட்டானோ என்றிருந்தபோது கீழாநெல்லிச் சாற்றில்தான் எழுந்து உட்கார்ந்தான் என்றாள். அது எதனால் வந்த மஞ்சள் என்று தங்கை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிவிட்டாள்.

பறித்ததை வேரோடு அலசி, அரைத்து, மோரில் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டித் தம்ளரில் எடுத்துக்கொண்டு போனாள். சன்னலோரக் கட்டிலில் அக்கா விழித்தே கிடந்தாள்.

"என்னடி, மாட்டுக்குத் தீவனம் ரெடியா?"

"பேசாம குடிக்கா. மூக்கைப் பிடிச்சுக்க."

"மூக்கைப் பிடிச்சா நாக்குக்குத் தெரியாதாக்கும். நேத்துக் குடுத்ததே இன்னும் தொண்டைலயே குடித்தனம் பண்ணுது."

என்றாலும் குடித்தாள். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடித் திறந்து, பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கி, மிச்சத்தையும் குடித்தாள். பிறகு, சொல்லாமலே சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை அகல விரித்தாள். இது தினமும் நடப்பது. தங்கை இடுப்பில் செருகியிருந்த சிறு துணித்துண்டை எடுத்து அக்காவின் கண்ணோரம் பிடித்தாள். தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையிலிருந்து விழுந்த மஞ்சள் துணி அது. வைத்தியம் தொடங்கிய நாளில், அக்காவின் விழி வெள்ளைக்கு நூல் பிசகாமல் பொருந்திய நிறம் என்று தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். தொழிற்சாலையில் இரண்டு துண்டு ஒரே சாயத்தில் வந்தவையா என்று பார்ப்பது இப்படித்தான்.

"என்ன, பாஸா, ரிஜெக்டா?"

"கொஞ்சம் வெளுத்திருக்கிற மாதிரி இருக்குக்கா."

"எது, கண்ணா, துணியா?"

தங்கை துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வியர்வையிலும் வெயிலிலும் கிடக்கிற துணி வெளுக்கும் என்பது அவளுக்கும் தெரியாததல்ல.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதும் வலக்கால் தானாகத் தரையை அழுத்தும். அக்கா இருமினால் அழுத்தும். வாந்தி எடுத்தால் இரண்டு காலும் அழுத்தும். தங்கை செடி தேட ஆரம்பித்தபோது அவரும் தம்மால் ஆனதைச் செய்தார். செடியைப் படம் பிடித்தால் பேரைச் சொல்கிற வசதி கைப்பேசியில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதை ஏற்றிக்கொண்டு வந்து முற்றமெல்லாம் படம் பிடித்தார். கீழாநெல்லியைப் புளியங்கன்று என்றது அது. திரும்ப எடுத்தால் தொட்டாற்சுருங்கி என்றது. சந்தேகம் வந்து தம் மீசையைப் படம் பிடித்துப் பார்த்தார். புல் இனத்தைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அன்றைக்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று பிற்பாடு தோன்றியது.

"ஏம்மா, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டியே" என்று ஒரு நாள் காலை வாசலில் வைத்துக் கேட்டார். "இது கேக்கும்னு நெஜமாவே நம்புறியா?"

"நம்பாம எப்படி மாமா தெனம் அரைச்சுக் குடுக்கறது?"

"இல்ல. உள்ள போறது எல்லாம் அப்படியே வெளிய வந்துடுது. நீ வேலைக்குப் போனப்பறம் நான்தானே பாக்கறேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவ ஆர்டர்."

தங்கை செருப்பில் காலை நுழைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மறுநாளும் பறித்தாள்; முன்னைவிட ஒரு கைப்பிடி கூடுதலாகவே பறித்தாள். வெளியே வருவது போக ஒரு சொட்டாவது உள்ளே தங்காதா என்பது கணக்கு. தொழிற்சாலையில் அவள் தேர்ச்சி முத்திரை குத்தி அனுப்பிய சட்டைகளில், ஒரு கை முழுதாகப் பிரிந்திருந்த சட்டை ஒன்று அடுத்த மேசையில் அகப்பட்டது. மேற்பார்வையாளர் அதை அவள் முன்னால் விரித்துப் போட்டு, "செக்கரம்மா, கண்ணை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, மரியாதையாக இராது என்று அடக்கிக்கொண்டாள்.

அக்காவுக்கோ முற்றத்தின் நினைவு. கட்டிலில் கிடந்தபடியே சன்னல் வழியாக எட்டுகிற அளவுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"காடா கெடக்குடி."

"கெடக்கட்டும். மாமாவையும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். உனக்குத்தான் மருந்து."

"வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரு வரப் போறாங்க இப்போ?"

"வருவாங்க" என்றாள் அக்கா.

அதைத் தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளிகள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அக்கா முற்றத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பிடித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து வெளிக்கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். முற்றம் வெறும் தரையாகக் கிடந்தது. மதிலோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். குப்பைமேனி, துத்தி, மூக்கிரட்டைக் கொடி, கீழாநெல்லி, எல்லாம் வேரோடு, வெயிலில் வதங்கித் துவண்டு கிடந்தன. நடுவில் பிளாஸ்டிக் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைவிட, பின்னாலிருந்து மாமா இரண்டு அக்குளிலும் கை கொடுத்து உட்கார வைத்திருந்தார் என்பதே சரி. புடவையின் முழங்கால் பக்கம் முழுவதும் மண். விரல் நகங்களில் மண்ணும் பச்சையும் ஏறியிருந்தன. அந்தக் கைகளின் மஞ்சள் நிறத்தில் பச்சைக் கறை விகாரமாகத் தெரிந்தது.

"மாமா, நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"காலைலேர்ந்து கெஞ்சினா. நான் பறிச்சுத் தரேன்னேன், தொடக் கூடாதுன்னுட்டா. தவழ்ந்து தவழ்ந்து..." அவர் வலக்கால் மண்ணை அழுத்தியது. "ஊருக்கெல்லாம் பிரேக் போடறேன். இவகிட்ட மட்டும் என் கால் எட்டல."

"அவரை ஏன்டி கேக்கறே, என்னைக் கேளு" என்றாள் அக்கா. ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சுக்கு இடம் விட்டாள். "நாற்காலி போட எடம் வேணாமா? செடியும் முள்ளுமா கெடந்தா எல்லாரும் எங்க வந்து நிப்பாங்க? வீட்டை வச்சிருந்த லட்சணத்தைப் பாருன்னு பேசிக்கிட்டே போவாங்க. அப்ப நான் எழுந்து பதில் சொல்ல முடியுமா?"

தங்கைக்கு அப்போதுதான், யார் வரப் போகிறார்கள் என்பது விளங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் குவியலருகே போய்க் குந்தினாள். கை வழக்கம்போல் உள்ளே நுழைந்து துழாவியது. துவண்ட தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சிவந்ததும் பச்சையும் ஒரே பழுப்பாகியிருந்தன. ஒன்றை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். மணிகள் சுருங்கி உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டின. இதில் தேறுவதைப் பொறுக்கி இப்போதே தண்ணீரில் போட்டால் நாளைக் காலைக்கு ஆகும். அதற்கு மறுநாள்? அண்டை அயலில் எல்லாரும் முற்றத்துக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள்.

"விடுடி. போதும்" என்றாள் அக்கா. திட்டுகிற குரல் இல்லை. "தெனம் தம்ளரோட வர்றே. என் கண்ணை மட்டும் பாத்துட்டுப் போயிடறே. என் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு சொல்லு."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கன்ன எலும்புகளுக்கு மேல் தோல் இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. உதட்டோரம் ஒரு புண். நெற்றியில் மண் அப்பிய விரலால் எப்போதோ வியர்வையைத் துடைத்த கோடு. இவற்றையெல்லாம் அவள் எங்கே தவறவிட்டாள்? ஒரு பிசிறு நூலையும் விடாத கண் என்று பேர் வாங்கியவள். பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல் தலை குனிந்துகொண்டாள்.

"செக்கர்தானே நீ" என்றாள் அக்கா. கூட்டி முடித்த முற்றத்தைப் பார்க்க வந்து நிற்பாளே, அந்தப் பழைய குரலின் ஒரு நூலிழை அதில் இருந்தது. "சுத்திப் பாத்துச் சொல்லு. எங்கயாவது விட்டுட்டேனா?"

அவள் எழுந்து நின்று பார்த்தாள். மதிலோரம் பார்த்தாள். வாசற்படியின் இடுக்கைப் பார்த்தாள். துணி துவைக்கும் கல்லும் குழாயடிச் சுவரும் சேருகிற மூலையில், ஒரு விரல் உயரத்தில், ஒற்றைச் செடி நின்றுகொண்டிருந்தது. ஒரு மிடறு சாற்றுக்குக்கூடக் காணாது. வெளிச்சம் இறங்கிவிட்டிருந்ததால் அதன் தண்டு பச்சையா சிவப்பா என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. குனிந்து இலையைத் திருப்பினால் தெரியும். குனிந்தால் அக்காவும் பார்த்துவிடுவாள்.

"இல்லக்கா. சுத்தமா இருக்கு."

மாமா அக்காவைத் தூக்கி நிறுத்த முயன்றார். முக்காலி மண்ணில் இழுபட்டது. கல்லோரத்தில் அந்தச் செடி, பொழுது போய்விட்டதை அறிந்து, அடியில் இருப்பதைக் காட்டாமல், ஒவ்வொரு ஜோடியாகத் தன் இலைகளை மூடிக்கொண்டிருந்தது.