ஹி. சினேகா

பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை நான் ஹி. சினேகா. பள்ளிக்கூடத்தில், நர்சிங் காலேஜில், எங்கேயும் அந்த 'ஹி' என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியல் ஆகாதாம், விரித்துத்தான் எழுத வேண்டுமாம். சிவகாசி பிரவுசிங் சென்டரில் ஒரு அக்கா விரித்துக் கொடுத்தாள். சினேகா ஹிட்லர்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். அது என் அப்பாவின் பேர்.

அப்பா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவருடைய அப்பாவுக்கு வீட்டில் வைத்த பேர் வேலுச்சாமி. வேலை பார்த்த இடத்து நிலத்துக்காரர், "கூலிக்காரப் பயலுக்கு என்னலே சாமி?" என்று அதை வெட்டி வேலான் ஆக்கிவிட்டார். வாக்காளர் பட்டியலிலும் வேலான் என்றே ஏறிவிட்டது. அந்த ஆத்திரத்தை மனசிலேயே வைத்திருந்து, மகன் பிறந்ததும் டீக்கடையில் காதில் விழுந்த ஒரு பேரைத் தாத்தா வைத்தார். வெள்ளைக்காரனையே நடுங்க வைத்தவன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். "இத எவன் வெட்டுறான்னு பாக்கேன்" என்றாராம். ஒருத்தரும் வெட்டவில்லை. அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகச் சேர்ந்த மொழி வகுப்பில்தான் எனக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. பாடத்தில் ஹிட்லர் செய்ததைச் சொல்லும் பக்கம் வந்த அன்று என் நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டேன், அட்டையில் இருக்கிற பேர் தெரியாதபடி. இரண்டு வருடமாக அப்பாவிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விசா வந்துவிட்டது. மூன்று வாரத்தில் விமானம். ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் வாரத்துக்கான திட்டத்தை அனுப்பியிருந்தார்கள். திங்கள் பாங்க் கணக்கு, செவ்வாய் உடல் பரிசோதனை. வெள்ளிக்கிழமை, புதிதாக வரும் நர்சுகள் எல்லோரையும் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். போர்க்காலத்தில் யூதர்களுக்கு நடந்ததைச் சொல்லும் மியூசியம். நுழைவுச் சீட்டுக்கான படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பேரை எழுத வேண்டும். அடியில் ஒரு கட்டம்: 'எங்களிடம் சொல்ல வேண்டியது ஏதாவது?'

என்னை அனுப்பிவைக்கும் விருதுநகர் ஏஜென்ட் ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கொழப்பிக்காதீக சிஸ்டர். பேட்ஜுல வெறும் சினேகான்னு போடச் சொல்லிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை வயித்துவலின்னு ரூம்ல படுத்துக்கிடுங்க. எவனும் கேக்க மாட்டான்."

"பேர மாத்த முடியாதா சார்?"

"மாத்தலாம். பாஸ்போர்ட்டு, விசா, காண்ட்ராக்ட் எல்லாம் முதல்லருந்து. அதுக்குள்ள ஒங்க எடத்துக்கு வேற ஆளு வந்துரும். இந்தப் பேரோட மியூசியத்துல போயி நின்னு ஏதாவது ஏழரையாச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரன் வேலையே வேண்டாம்னுருவான், பாத்துக்கிடுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தீக்காய வார்டில் இரண்டு வருடம் நின்றவள் நான். பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒருநாளும் போய்ப் படுத்ததில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. காது மடலில் வெள்ளிப்பொடி மின்னியது.

"எம்பேருக்கும் வயித்துவலிக்கும் என்ன தாயி?"

இனிமேல் மறைக்க முடியாது. உட்காரவைத்துச் சொன்னேன்.

"யப்பா, அவன் நீங்க நெனைக்கிற ஆளு இல்ல. யூதருன்னு ஒரு சனம். அவுக பேருலயும் கைய வச்சான். ஆம்பளன்னா இஸ்ரேல், பொம்பளன்னா சாரான்னு கூட ஒரு பேரு சேத்துக்கிடணும்னு சட்டம் போட்டாங்க. பேரச் சொன்னதுமே யாருன்னு தெரியணுமாம்."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். அது அவருக்கு விளங்காத விஷயம் இல்லை.

"பெறகு?"

"பெறகு கொன்னாங்க. அறுபது லட்சம் பேர."

"புள்ளைகளையுமா?"

"புள்ளைகளையும்."

"பேர வெட்டுனவனுக்குப் பயங்காட்டணும்னு எங்கய்யா அலைஞ்சு, கடைசில பேருல கைய வச்சவன் பேரையே எந்தலையில கட்டிட்டுப் போயிருக்காரு" என்றார் அப்பா. அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில், தீபாவளி சீசன் நேரத்தில், கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பினார். அரசிதழில் பேர் மாற்ற மனு அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிஸ்ட்டிடம் போனோம். பழைய பேரைக் கேட்டதும் அவர் விரல் ஒரு நொடி நின்றது. காரணம் என்ற இடத்தில், கேட்காமலே 'எண் கணிதம்' என்று அடித்தார்.

"அது என்ன?" என்றார் அப்பா.

"ராசியில்லாத பேருன்னு அர்த்தம்ணே. எல்லாருக்கும் அதான் போடுறது. எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"கேக்கட்டும். அத அழி. இந்தப் பேருக்காரன் அறுபது லட்சம் பேரக் கொன்னவன்னு எனக்கு நேத்துத்தான் தெரியும், தெரிஞ்ச பெறகு சுமக்க மாட்டேன்னு போடு."

"ஆபீஸ்ல திருப்பிருவாகண்ணே."

"திருப்பட்டும். மறுபடி கொண்டாருவேன்."

டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஒத்தாசைக்குப் போகவில்லை. அடித்தார்.

"புதுப்பேரு?"

"வேலுச்சாமி."

"தகப்பனார் பேரு?"

"வேலான்."

"வேலான் மகன் வேலுச்சாமியா?"

"ஆமா. எங்கய்யாவுக்கு விடாம வெட்டுன மிச்சத்தையும் சேத்து அடி."

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து மியூசியப் படிவத்தை நிரப்பினேன். பேரை முழுசாக எழுதினேன். அடியில் இருந்த கட்டத்தில், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இது என் அப்பாவின் பேர், அது யாருடையது என்று தெரிந்த மறுநாளே அவர் அதை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டார், என் பாஸ்போர்ட்டில் இன்னும் இருக்கிறது, நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை என்று எழுதினேன். அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"'உள்ள வரலாமா'ன்னும் கேளு" என்றார். "செத்தவுகள வச்சு அழுகுற எடம். கேட்டுத்தான் போகணும்."

கேட்டேன். அனுப்பினேன்.

பஸ் ஏறும்போது ஹரிஷ்குமார் கூப்பிட்டார். "என்ன சிஸ்டர், வெள்ளிக்கிழமைக்கு நான் சொன்ன மாதிரிதான?"

"இல்ல சார். எங்கப்பா வேலுச்சாமி கேட்டுட்டுப் போகச் சொல்லியிருக்காரு, கேட்டிருக்கேன். அவுக வேண்டாம்னா வாசல்ல நிப்பேன். வயித்துவலி மட்டும் வராது."