பிளாஸ்க் மூடிச் சத்தம்

முதுகுக்குப் பின்னால் பிளாஸ்க் மூடி கிரீச்சென்று திருகப்படும் சத்தம் கேட்டால், வேகமானி பொய் சொல்லப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கம்பெனியில் விமானம் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. தேர்வுக்குப் போகிறவன் காதில் போய்வந்தவன் ஓதிவிடுகிற மந்திரம் அது.

விமானத்தின் முன்னறையை அப்படியே வெட்டியெடுத்து இரும்புக் கால்களின்மேல் நிறுத்தினால் எப்படியிருக்கும், அதுதான் சிமுலேட்டர். ஆடும், குலுங்கும், கண்ணாடிக்கு வெளியே பொய் வானம் ஓடும். அதற்குள் விமானிகளை ஜோடி ஜோடியாக அடைத்து, நிஜத்தில் வந்துவிடக் கூடாத கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர். பிளாஸ்க் சார் என்றுதான் ஊரே கூப்பிடும். வேகமானிக் கோளாறைக் கொடுக்கும் முன் அவர் ஒரு வாய் காபி குடிப்பார். மூடி கிரீச்சிட்டதும் முன்னால் இருக்கிற இரண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்வார்கள், கச்சேரிக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி. அப்புறம் எல்லோரும் பாஸ்.

அவளுக்கு இதை நினைத்தாலே குமட்டும். பத்தாவதைத் தாண்டிய ஆள் ஒருவர்கூட இல்லாத வீட்டிலிருந்து படித்து வந்தவள். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவனைக் கண்டால் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது துணை விமானி, தோளில் மூன்று பட்டை. இன்றைய தேர்வில் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வேலை கம்பெனியின் கருணையைப் பொறுத்தது. அந்தக் கட்டடத்தில் கருணை எங்கே இருக்கிறது என்று அவள் இதுவரை பார்த்ததில்லை.

அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் நாலுபட்டை. தலைமை விமானிகள் எல்லோருக்கும்தான் நாலு பட்டை, ஆனால் இவர் மட்டும் அதைக் குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று பேச்சு. சிமுலேட்டர் கூண்டுக்கு வெளியே நாற்காலியில் சாய்ந்து, கார்ச் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, எடுத்துப் பார்த்து, பேண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையோடுதான் விமானத்தைப் பிடிப்பார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பெரிய மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறாள். நாளைக் காலை, வாழ்க்கையில் முதல்தடவையாக விமானத்தில்.

"ஏண்டி சின்னவளே, ஜன்னலோரம் சொல்லிட்டியா? பக்கத்து வீட்டுக்காரி மூணு தடவ கேட்டுட்டா."

"சொல்லியாச்சும்மா."

"ஓட்டறது யாரு? நல்ல ஆளா?"

நாலுபட்டைக்குப் பாம்புக் காது. "அம்மாவா? நாளைக்குக் காலை பிளைட்டா? அது நாந்தான். பூ மாதிரி எறக்கி விடறேன்னு சொல்லு பாப்பா."

"யாரோ பெரிய ஆபீசர் பேசறாரே, அவரா?" அம்மாவின் குரலில் பூரிப்பு. "குரலே நல்லா இருக்கு. கும்பிட்டேன்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை.

உள்ளே போனார்கள். பழைய வியர்வையும் மலிவான சென்ட்டும் கலந்து ஊறிய நாற்றம். இருக்கைக்கு அடியில் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம் அவள் விரலில் பிசுபிசுத்தது. பிளாஸ்க் சார் பின்னால் வந்து உட்கார்ந்தார். அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

அவர் கையில் பிளாஸ்க் இல்லை.

"அல்சராம். டாக்டர் காபியே தொடக்கூடாதுன்னுட்டாரு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். ஒரு ஏப்பம் கூண்டு முழுக்கப் பரவியது. தண்ணீர் பாட்டிலை மட்டும் காலடியில் வைத்துக்கொண்டார். நாலுபட்டை அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

கிளம்பினார்கள். நாலுபட்டை ஓட்ட, அவள் கருவிகளைப் பார்த்துச் சொல்லிவந்தாள். சக்கரம் உள்ளே போயிற்று. திரையில் மேகம் வந்தது, பூமி மறைந்தது. வழக்கம்போல் ஒரு இன்ஜின் கோளாறு வரும், அதற்கப்புறம்தான் காபி என்று நாலுபட்டை ஹாயாகச் சாய்ந்திருந்தார். நேற்று வாங்கிய நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விமானத்தின் மூக்கருகே பேனா கனத்தில் சின்னச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்துகிற அழுத்தத்தை வைத்துத்தான் வேகமானி வேகம் சொல்கிறது. ஒரு குளவி கூடு கட்டினால் போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட குழாய் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, வாய்கூசாமல் புளுகும். மேலே ஏற ஏற, வேகம் கூடுகிறது கூடுகிறது என்று சொல்லும். அதை நம்பி வேகத்தைக் குறைக்கிறேன் என்று மூக்கைத் தூக்கினால், நிஜ வேகம் செத்து, இறக்கை காற்றின் பிடியை இழந்து, விமானம் கல் மாதிரி விழும். அதனால்தான் விதி எளிமையாக இருக்கிறது: மூன்று வேகமானியும் ஒத்துப்போகவில்லையா, எதையும் நம்பாதே. தானியங்கிகளை எல்லாம் துண்டி. மூக்கைத் தெரிந்த கோணத்தில் வை, இன்ஜினைத் தெரிந்த விசையில் வை. அது போதும், விமானம் பறக்கும். ஆராய்ச்சி அப்புறம்.

பிளாஸ்க் சார் சத்தமில்லாமல் பட்டனை அழுத்திவிட்டார்.

நாலுபட்டையின் வேகமானி ஏறத் தொடங்கியது.

"என்ன இது, பிச்சிக்கிட்டுப் போகுது" என்று மூக்கைத் தூக்கினார்.

அவள் பக்கத்து முள் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த மூன்றாவது சின்ன வேகமானியும் அவள் பக்கம்தான் சாட்சி சொன்னது. "சார், ஸ்பீடு ஒத்துப்போகல. உங்க பக்கம் தப்பு."

"உன் பக்கந்தான் கெட்டுப்போச்சு." இன்னும் தூக்கினார்.

"நடுவுல இருக்கறதைப் பாருங்க. அதுவும் கொறையுது. மூக்கை எறக்குங்க."

அதற்குள் கையில் பிடித்திருந்த, விமானத்தை ஏற்றி இறக்கும் கம்பம் தடதடவென்று நடுங்க ஆரம்பித்தது. விழப்போகிறாய் என்று விமானமே தோளைப் பிடித்து உலுக்குகிற எச்சரிக்கை அது.

"பொய் வார்னிங்" என்றார் நாலுபட்டை. "ஓவர் ஸ்பீடுல போறோம், தெரியல?"

"நான் எடுக்கறேன்" என்று அவள் தன் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்து முன்னால் தள்ளினாள். விதிப்படி அந்த வார்த்தையைக் கேட்டதும் மற்றவர் விட்டுவிட வேண்டும். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். ஒரே விமானத்தை ஆளுக்கொரு திசையில் மல்லுக்கட்டினார்கள், சந்தைக்கு வந்த மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல. கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேகம் கிழிந்து பூமி எழுந்து வந்தது. தரையில் மோதியாயிற்று என்று திரை சிவந்து நின்றது.

மின்விசிறி மட்டும் ஓடியது.

"சரி விடுங்க" என்றார் பிளாஸ்க் சார். "தப்பு என் பேர்ல. இன்னைக்கு பிளாஸ்க் கொண்டுவரல, அதான் கொழம்பிட்டீங்க."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறார்.

மறுபடி கிளம்பினார்கள். மறுபடி மேகம். இந்தத் தடவை பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலின் மூடி 'டக்'கென்று திறந்தது. நாலுபட்டை நிமிர்ந்தார், தொண்டையைச் செருமினார். முள் அசைவதற்குள்ளாகவே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்: தானியங்கி துண்டிப்பு, விசைத் தானியங்கி துண்டிப்பு, வழிகாட்டிக் கோடு அணைப்பு, மூக்கு இவ்வளவு, விசை இவ்வளவு. ஒரு எழுத்து பிசகவில்லை. வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பல்லில் வெற்றிலைக் காவி.

அவள் வேகமானியைப் பார்த்தாள்; முள் அப்போதுதான் அசையத் தொடங்கியது.

வெளியே சின்ன அறை. மேஜை, மூன்று நாற்காலி, காய்ந்துபோன செடி ஒன்று. "ரெண்டாவது ரவுண்டுதான் கணக்கு. ரெண்டு பேரும் பாஸ்" என்றார் பிளாஸ்க் சார். "பாப்பா, உனக்கு வேலை பெர்மனன்ட். இனிப்பு எங்கே?"

"மொதல் ரவுண்டு சார்?"

"அது வார்ம் அப்னு வெச்சுக்க."

"அதுல நாம எல்லாரும் செத்துட்டோம்."

நாலுபட்டை சத்தம் போட்டுச் சிரித்தார். "மெஷினுக்குள்ள செத்தா யாருக்குக் கருமாதி? நான் பறக்க ஆரம்பிச்சப்ப நீ பால் பாட்டிலைக் கடிச்சிட்டிருந்திருப்ப."

"நெஜத்துல குளவி வந்து மூடியைத் திறந்து காட்டாது சார்."

"வாயைப் பாரு." அவர் சிரிப்பு நின்றது. "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாராவது பிளேனைக் கிட்டத்துல பாத்திருக்காங்களா? ஏணியில ஏத்திவிட்டா ஏத்திவிட்டவன் தலையிலயே மிதிக்கிறது."

"நாளைக்கு எங்கம்மா பாப்பாங்க. உங்க பிளைட்ல."

பிளாஸ்க் சார் அவசரமாகக் குறுக்கே வந்தார். அவர் நல்லவர். அதுதான் அவரிடம் மிக அசிங்கமான விஷயம். "அட, இதுதானா விஷயம்? மொதல்லயே சொல்லக்கூடாதா? அம்மாவை மதியம் பிளைட்டுக்கு மாத்திடலாம். நானே பேசறேன். ஜன்னலோரமே வாங்கித் தரேன். சரியா?"

இப்படிச் சொல்கிறாரே, பக்கத்திலிருக்கிற நாலுபட்டைக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவரும் தலையாட்டினார். "அதான் நல்லது. பெரியவங்க நிம்மதியா போகட்டும்."

இவனோடு ஏறினால் ஆபத்து என்று எதிரில் வைத்தே சொல்கிறார்கள், இவனும் ஆமோதிக்கிறான்! அதைவிடக் கேவலம், ஒரு நொடி அவள் நெஞ்சுக்குள் அப்பாடா என்று ஒரு காற்று வீசிவிட்டது. அம்மா தப்பித்தாள், வேலையும் தப்பித்தது. வாய் 'சரி' என்று சொல்லத் திறந்தும்விட்டது. அந்த நொடிக்காக அவளுக்குத் தன்மேலேயே வந்த அருவருப்பு, சூயிங்கம் மாதிரி, எங்கே துடைத்தாலும் போகாது போலிருந்தது.

"எங்கம்மா சீட்டுல வேற யாரு உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

"எவனோ ஒருத்தன் உக்காருவான். உனக்கென்ன?"

"அந்த எவனோ ஒருத்தனுக்கு யாரு வந்து சீட்டு மாத்திக் குடுப்பாங்க?"

பிளாஸ்க் சார் பெருமூச்சு விட்டார். "பாரும்மா. ஜோடியா உக்காந்தா ஜோடியாத்தான் ரிசல்ட்டு. அவரை எறக்கினா நீயும் எறங்கணும். மொதல் ரவுண்டுல கம்பத்தை ரெண்டு பேரும்தான் புடிச்சு இழுத்தீங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் பறக்கற வேலை கெடையாது, மறுபடி பயிற்சி. உன் பெர்மனன்ட் அப்படியே தொங்கும். மேல இருக்கறவங்க வேண்டாம்னு சொன்னா வீட்டுக்குத்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மொதல் ரவுண்டைத் தள்ளிட்டு ரெண்டாவதைக் கணக்குல வைக்க எங்க ரெண்டு பேரோட சம்மதமும் வேணும்ல? விதி அப்படித்தானே?"

"ஆமா."

"எனக்குச் சம்மதம் இல்ல. மொதல் ரவுண்டுதான் ரிசல்ட்டு."

நாலுபட்டை எழுந்து நாற்காலியை உதைத்துத் தள்ளினார். நன்றி கெட்டவள், ஊர் பேர் தெரியாதவள் என்று ஆரம்பித்து அதற்குக் கீழேயும் இறங்கினார். மூன்றாவது வசவுக்கு மேல் அவள் கேட்கவில்லை. காய்ந்த செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் தண்ணீர், அதுவும் அந்த பாட்டிலிலிருந்தே, இந்தச் செடிக்கு ஊற்ற யாருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தாள். பிளாஸ்க் சார் போனை எடுத்து, நாளைக் காலை விமானத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். பேசும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. வைத்ததும் சொன்னார்: "நீ நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவள் வாயே திறக்கவில்லை. அம்மா பெட்டியை மூன்றாவது தடவை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவாள்.

காலையில் அம்மாவை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சீருடை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. விமான நிலையத்து இரைச்சலுக்குள் அம்மாவின் கத்தல்.

"ஏண்டி, என்னடி கம்பெனி உங்க கம்பெனி! இன்னும் ஏத்தவே இல்ல. கால் கடுக்குது."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"யாரோ பைலட்டு வரலியாம். வேற ஆளு எங்கேர்ந்தோ வரணுமாம். ஒருத்தன் வரலைன்னா இத்தன பேரு காத்துக் கெடக்கணுமா? கைக்கொழந்தைக்காரி ஒருத்தி அழறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வராதவன் எவனோ அவன் வெளங்கவே மாட்டான்னு வாய்விட்டே சொல்லிட்டேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் ஆமாங்கறாங்க."

"ம்."

"நேத்து பேசினாரே அந்த ஆபீசர், அவரு எவ்வளவு மரியாதையா பேசினாரு. அவருதான் ஓட்டறாருன்னு நெனச்சேன், இது வேற எவனோ போலிருக்கு. அவரு வண்டின்னா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன். ஏண்டி, இதையெல்லாம் கேக்க உங்க எடத்துல ஒரு ஆளு கெடையாதா?"

அவள் விரலைப் பார்த்தாள். சோப்புப் போட்டு எத்தனையோ தடவை கழுவியும் நுனியில் இன்னும் லேசாக ஒட்டியது.

"உக்காரும்மா" என்றாள். "நாற்காலி கெடச்சா உக்காரு. வருவாங்க."

"எப்போ?"

"நல்ல ஆளா பாத்துட்டிருப்பாங்க."

"கிழிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.