படையலில் ஒரு சிகரெட்

நவரட்ணம் செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலைக்கு வந்து சேர்ந்தது. நண்டுக் கறி, புட்டு, கணவாய்ப் பொரியல். கடைசியாக, பிக்கரிங்கிலிருந்து வந்திருந்த அவருடைய தமையன் இராசரத்தினம் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார். நவரட்ணத்தின் மகள் நிலாணிக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"லங் கான்சரில போன அப்பாவுக்குச் சிகரெட்டோ, பெரியப்பா?"

"அவன் விரும்பினதைத்தானே பிள்ளை படைக்கவேணும்."

நிலாணி நகரச் சுகாதாரப் பகுதியில் புகையிலைப் பரிசோதகர். கடை கடையாக ஏறி, சிகரெட்டைக் கண்ணில் படாமல் மூடி வைத்திருக்கிறார்களா, சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிறார்களா என்று பார்த்துத் தண்டம் எழுதுகிறவள். அரசாங்கமும் தன் பங்குக்குப் பெட்டியின் பளபளப்பை உரித்து, அருவருப்பான படத்தைப் போட்டு, போதாதென்று ஒவ்வொரு சிகரெட்டிலும் எச்சரிக்கை அச்சடித்துவிட்டது. என்ன பிரயோசனம்? பெரியப்பா அந்த எழுத்தைப் பக்குவமாகக் கீழ்ப்பக்கம் திருப்பி இலையில் வைத்தார். செத்தவர் வாசித்தால் மனம் நொந்துபோவாராம்!

அதோடு விட்டிருந்தால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"சும்மா வைச்சால் அவன் எப்பிடிக் குடிக்கிறது? கிருபன், கொள்ளி வைச்சவன் நீதானே. பத்த வை."

கிருபன் அவளுடைய தம்பி. அப்பாவின் கான்சர் வருத்தம் தெரிந்த அன்று சிகரெட்டை விட்டவன். விட்டபிறகு அவன் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இழுக்காமல் சிகரெட் பற்றாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"அவன் விட்டிட்டான். நீங்களே பத்த வையுங்கோ."

"தேப்பனுக்கு மகன் செய்யிற காரியம் இது. உன்ர சட்டத்தைக் கடையளோட வைச்சுக்கொள்."

"ஒண்டுதானே, பிள்ளை" என்றாள் அம்மா.

முன்பின் தெரியாத கடைக்காரரெல்லாம் கேட்கிற பேச்சு சொந்த வீட்டில் எடுபடவில்லை. நிலாணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கிருபன் பற்றவைத்து, ஒரு இழுவை இழுத்து, இலையோரம் வைத்தான். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். கிருபன் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவன் அவன்தான். சிகரெட் பாதியில் அணைந்து கிடந்தது. இழுக்காமல் விட்டால் தானாக அணையும்படிதான் சிகரெட் செய்யவேண்டும் என்பதும் அரசாங்கத்தின் ஒரு சட்டம்தான்.

"அப்பா முடிக்கேல்லை, அக்கா. திரும்பப் பத்த வைக்கட்டே?"

"என்ன பாசமான பிள்ளை" என்று பெரியப்பா கண்ணைத் துடைத்தார். நிலாணி வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அது தம்பியின் உதட்டில் இருந்தது.